செங்கோட்டுவேலு விட்டுப்போன ஒன்றரைச் சாண்

செங்கோட்டுவேலு செத்து, காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகும், அவன் கடைசியாக வைத்த வெல்டிங் ஒட்டு ஆறவில்லை. சங்ககிரி ரோட்டில், லாரிகளுக்குத் தண்ணீர் டேங்க் கட்டுகிற அர்த்தனாரியின் பட்டறையில், பாதி முடிந்து நின்ற ஒரு டேங்கின் உள்ளே, இரண்டு தகடுகள் சேருகிற மூலையில், அடியிலிருந்து மேலே நான்கு சாண் நீளத்துக்கு, உருகி ஒட்டுகிற ராடை எடுத்த நிமிஷத்தில் எந்தச் சிவப்பில் இருந்ததோ அதே சிவப்பில் அது இருந்தது. அதற்கு மேலே ஒன்றரைச் சாண் வெறும் சந்து. அந்தச் சந்துக்கு வரும்போதுதான் அவன் ராடு மாற்றக் கையெடுத்தான்.

ஊருக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. பட்டறைக்காரர்கள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள், தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போயிற்று. ஈரச் சாக்கைப் போட்டுப் பார்த்தார்கள், சாக்கு காய்ந்து கருகிற்று. மில்லில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சூடு பார்க்கிற கருவியோடு வந்து, மூன்று தடவை வைத்து எடுத்து, கருவி பழசாகிவிட்டது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். அர்த்தனாரி ஒரு வாரம் யோசித்தார். பிறகு, "அது பாட்டுக்கு இருக்கட்டும், நம்ம சோலிய நாம பாக்கலாம்" என்று சொல்லி, டேங்க் கேட்டிருந்த லாரிக்காரருக்கு வேறொன்று கட்டிக்கொடுத்துவிட்டு, இதைக் கிரேன் வைத்துத் தூக்கிப் பட்டறை வாசலில் நான்கு கட்டைகளின் மேல் இறக்கி வைத்தார்.

அவன் எப்படிச் செத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆயுத பூஜைக்கு அந்தப் பட்டறையே தலைமுழுகும். தரையைக் கழுவி, நின்று வேலை செய்கிற பலகைகளைத் தேய்த்துக் கழுவிச் சுவரில் சாய்த்து, மெஷினைத் துடைத்து, கேபிளைத் துடைத்து, ராடைக் கவ்விப் பிடிக்கிற ஒவ்வொரு ஹோல்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மெஷினுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அன்றைக்கு எதையும் தொடாமல் வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் வந்து, நல்ல நேரம் முடிவதற்குள் ஆளுக்கு ஒரு ராடாவது வைத்து எடுத்தால்தான் வருஷம் முழுக்க வேலை ஓடும் என்பது அங்கே வழக்கம். அர்த்தனாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒம்பதே காலுக்குள்ள வெச்சிருங்கப்பா" என்றார். மற்றவர்கள் ஒரு துண்டு இரும்பில் ஒப்புக்கு ஒரு ராடு வைத்துவிட்டுப் பொரிகடலைத் தட்டுக்கு வந்துவிட்டார்கள். செங்கோட்டுவேலுவுக்கு ஒப்புக்குச் செய்கிற பழக்கம் கிடையாது, அதுதான் அவன் வினை. அவன் டேங்குக்குள் இறங்கினான். பலகை ஈரமாக இருந்ததால் பலகை போடவில்லை. எர்த் கேபிளைக் கிளாம்ப் போட்டுக் கவ்வவைக்காமல், எல்லாரும் செய்கிற மாதிரி தகட்டின் மேல் போட்டு அதன் மேல் ஒரு இரும்புத் துண்டைப் பாரம் வைத்தான். சுவிட்சுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. முதுகு ஈரத் தகட்டில் சாய்ந்திருக்க, ஈரக் கையுறையோடு ராடு மாற்றப் போனான், கரண்ட் பிடித்துக்கொண்டது. பொரியும் கடலையும் பங்கு வைத்து முடிந்த பிறகுதான், உள்ளே சத்தமே இல்லை என்பது கூட வேலை செய்கிற பச்சியண்ணனுக்கு உறைத்தது.

கையுறை எப்படி ஈரமானது என்று யாரும் கேட்கவில்லை. வருஷம் முழுக்க வேர்வை குடித்து நாறுகிறதே, சாமி முன்னால் வைக்கிற சாமானாயிற்றே என்று, அந்தத் தோல் கையுறையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்து கொடியில் போட்டவள் அவன் பெண்டாட்டி நாகமணி. மேலே காய்ந்திருந்தது. உள்ளே காயவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

ஐப்பசி மழை வந்தது, டேங்கின் வெளிப்புறத் தகடு மழையில் புகைந்துகொண்டு கதகதவென்று நின்றது. மனுசன் எதற்குத்தான் பழகமாட்டான்? முதலில் ஈரத்துணி காயப்போட்டார்கள். பிறகு எதிர்ப்புறத்து டீக்கடைக்காரர், அடுப்புக்குப் போவதற்கு முன்னால் பால் குண்டானைக் கொண்டுவந்து தகட்டோரம் ஒரு மணிநேரம் சாய்த்து வைத்தார். முழங்கால் வலிக்காரி பாவாயி, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, வைத்தியரிடம் போவதையே நிறுத்திவிட்டாள். பச்சை உடம்புக்காரிகள் குழந்தையோடு வந்தார்கள், வீட்டில் கோபித்துக்கொண்ட ஆம்பிளைகள் செய்தித்தாளோடு வந்தார்கள், மார்கழிப் பனியில் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள், யாரும் டேங்க் என்று சொல்லவில்லை, "வேலுகிட்டப் போயிட்டு வரேன்" என்றுதான் சொன்னார்கள், சாய்வதற்கு முன்னால் "வேலு, கொஞ்சம் சாஞ்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சாய்ந்தார்கள். யாரோ மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போனார்கள். தீப்பிடிக்கும் என்று அர்த்தனாரி அவிழ்த்துப் போட்டார்.

நாகமணி தறி ஓட்டுகிறவள். ஷிப்டு முடிந்து ஐந்து மணிக்கு வருவாள், அவள் வருவதைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே எழுந்து நடு இடத்தை விடுவார்கள், அவள் உட்கார்ந்து தகட்டில் முதுகைச் சாய்ப்பாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவன் முதுகிலிருந்து வருகிற அதே அளவு சூடு. மற்ற பெண்களுக்கு மாலை போட்ட போட்டோ மிஞ்சுகிறது, தனக்கு இது மிஞ்சியிருக்கிறது என்று நினைப்பாள். பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, வெளியே சொல்லக் கூசினாலும் சந்தோஷமாகக்கூட இருந்தது. இருட்டுக் கட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவாள், போகும்போது முதுகில் அந்தச் சூடு வாசல்வரை கூடவே வரும்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடை சுட்டாள். எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் விழுந்தது, சின்னத் துளிதான், ஒரு மிளகு அளவு. தண்ணீரில் காட்டினாள், மாவைப் பூசினாள், பல்பொடியைப் பூசினாள், எதற்கும் அடங்காமல் அது விண்விண் என்று எரிந்துகொண்டே இருந்தது. மத்தியானம் எரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வழக்கம்போல வந்து தகட்டில் சாயப்போனவள், மணிக்கட்டைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், சாயவில்லை. மிளகு அளவுக்கு இத்தனை எரிச்சல் என்றால் நான்கு சாணுக்கு எத்தனை எரியும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மூன்று மாதமாக. ஒரு நிமிஷம்கூட விடாமல். அவள் அங்கேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்ன கண்ணு, கால் வலியா? இப்பிடி உக்காரு, வேலு சூடு பட்டாச் சரியாப் போயிரும்" என்றாள் பாவாயி.

"நாம குளிர் காயறோம்க்கா" என்றாள் நாகமணி. "அவரு எரியறாரு."

அடுத்த நாளே அர்த்தனாரியிடம் போய், மீதி ஒன்றரைச் சாணை ஒட்டி முடித்துவிடுங்கள், வேலை முடிந்தால் ஆறிவிடும் என்று கேட்டாள். அங்கே இன்னொரு வழக்கம் குறுக்கே வந்தது. ஒருத்தன் பாதியில் விட்ட ஒட்டுக் கோட்டை இன்னொருத்தன் தொடவேண்டுமென்றால், விட்டவன் தன் கையால் ஹோல்டரைக் கொடுக்கவேண்டும். கொடுக்காத கோட்டை அந்தப் பட்டறையில் யாரும் முடிக்கமாட்டார்கள். செங்கோட்டுவேலு யார் கையிலும் கொடுக்காமல் போயிருந்தான். ஆறு வெல்டர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அவரு கையப் புடிச்சவ நான்" என்றாள் நாகமணி. "ஹோல்டர எங்கிட்டக் குடுக்காம யாருகிட்டக் குடுப்பாரு? நான் ஒட்டறேன். கத்துக் குடுங்க."

சேதி பரவி ரோட்டுக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். செத்தவனை இரண்டாம் தடவை சாகடிக்கப் போகிறாள் என்றார்கள் சிலர். அடுத்த மார்கழிக்குப் பிள்ளைகள் எங்கே போகும் என்றார்கள் சிலர். டீக்கடைக்காரர் பால் குண்டானைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பாவாயிதான் உடைத்துக் கேட்டாள்: "அவன் ஊருக்கே ஆயிட்டான் கண்ணு. உனக்கு மட்டுமா புருசன்?"

"ஆமாங்க்கா. எனக்கு மட்டுந்தான்" என்றாள் நாகமணி.

கூட்டம் ஒவ்வொருத்தராகக் கலைந்தது. மாசி பிறந்ததிலிருந்து பச்சியண்ணன் அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தான். செங்கோட்டுவேலுவோடு பன்னிரண்டு வருஷம் ஒரே மெஷினில் வேலை செய்தவன், அவனை டேங்கிலிருந்து தூக்கி வெளியே எடுத்தவனும் அவன்தான். தறி ஷிப்டு முடிந்து அவள் வர, மற்றவர்கள் கிளம்பிப் போக, பட்டறையின் ஓரத்தில் பழைய தகட்டுத் துண்டுகளை வைத்துக்கொண்டு பாடம் நடந்தது. முதல் பதினைந்து நாள் அவன் மெஷினை ஓட்டவே விடவில்லை. கேபிளைக் கையில் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உருவிக்கொண்டே நடக்கச் சொன்னான், எங்கேயாவது ரப்பர் வெடித்து உள்கம்பி தெரிகிறதா என்று விரலால் பார்க்கச் சொன்னான். நூல் அறுந்த இடத்தைத் தறியில் விரலாலேயே கண்டுபிடிக்கிறவளுக்கு அது சுலபமாக வந்தது. மூன்று வெடிப்புகளைக் கண்டுபிடித்தாள், பட்டறைக்காரர்கள் மாதக்கணக்கில் மிதித்துப் போன வெடிப்புகள்.

"மெஷின் உடம்புக்குத் தனி எர்த் அம்மிணி, அது குழிக்குப் போவணும். இந்தக் கிளாம்ப்பு வேற, இது நாம ஒட்டற இரும்பக் கவ்வணும். பெயிண்டு, துரு எல்லாஞ் சொரண்டிட்டு, இரும்பு பளிச்சுனு தெரியற எடத்துலதான் கவ்வ வெக்கணும். நாங்கெல்லாம் மேல ஒரு துண்டப் பாரம் வெச்சுட்டுப் போயிருவோம்" என்றவன், கிளாம்ப்பைப் பிடுங்கி மறுபடியும் கவ்வவைத்து, "அந்த மாதிரி வெக்காதீங்" என்றான்.

நைலான் சேலை உருகி ஒட்டிக்கொள்ளும், பருத்திதான் ஆகும், முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் வேண்டும் என்றான். வளையல், மெட்டி எதுவும் ஆகாது என்று சொல்லவந்து, அவள் கையையும் காலையும் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணில் மண் அள்ளிப் போட்ட மாதிரி விடிய விடிய உறுத்தும் என்றான். தீக்குச்சி உரசுகிற மாதிரி ராடை உரசி எடுக்கவேண்டும், எடுத்ததும் ராடின் கனத்துக்குத்தான் இடைவெளி விடவேண்டும், சத்தம் ஒரே சீராக எண்ணெயில் வடை வேகிற சத்தமாக வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ராடு ஒட்டிக்கொண்டது, தகடு ஓட்டை விழுந்தது, ஒட்டு புற்று மாதிரி கட்டி கட்டியாக வந்தது. பங்குனி முடிய அவள் தரையில் கிடத்திய தகட்டில் நேராக ஒட்டுக் கோடு போட்டாள். வைகாசி முடிய, கீழிருந்து மேலே ஏறுகிற கோடு வழியாமல் நின்றது. தன் கை இரும்பில் இரும்பைச் சேர்க்கிறது என்பதில் ஒரு நொடி அவளுக்குப் பெருமையாக இருக்கும், அடுத்த நொடியே எதற்காகக் கற்கிறோம் என்பது நினைவு வந்துவிடும்.

ஒருநாள் ஒட்டின் மேல் படிந்த கசடைச் சுத்தியால் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அண்ணா, அந்தக் கையுறையத் தொவச்சது நாந்தான்."

"தெரியுமுங்" என்றான் பச்சியண்ணன்.

அவள் சுத்தியைக் கீழே வைத்தாள்.

"காலைல அவன் மாட்டும்போதே சோப்பு வாசம் வந்துச்சுங். 'என்றா, கல்யாண மாப்பிள்ளையாட்ட மணக்கற'ன்னு கேட்டுச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். தொட்டுப் பாத்திருந்தா ஈரந் தெரிஞ்சிருக்கும். ஒரு ராடுதானேன்னு இருந்துட்டேன்" என்றான். சொல்லும்போது அவன் வாய் கோணிக்கொண்டு போயிற்று. "பொரி தீந்துரும்னு ஓடுனேன் அம்மிணி. பொரி."

மன்னிப்பதற்கு அங்கே யாருக்கும் உரிமை இல்லை, அந்த உரிமை உள்ளவன் வாசலில் சிவந்துகொண்டு இருந்தான்.

ஆடி பிறந்ததும், அடுத்த செவ்வாய்க்கிழமை ஒட்டிவிடலாம் என்றாள் நாகமணி. ஆடியில் யாராவது எதையாவது செய்வார்களா, ஆவணி வரட்டும், நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றார் அர்த்தனாரி. சொல்லிவிட்டு வழக்கம்போல இடது மணிக்கட்டைத் திருப்பினார், அன்றைக்குப் பிறகு அவர் கடிகாரம் கட்டுவதில்லை, வெறும் கையைப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கிக்கொண்டார்.

"நேரம் பாத்தது போதுங்க. ஆடிக்காத்துல எல்லாம் நல்லாக் காயும். அது போதும்" என்றாள் அவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ரோட்டில் எந்தப் பட்டறையிலும் வேலை நடக்கவில்லை. டீக்கடைக்காரர் குண்டானைக் கவிழ்த்து வைத்திருந்தார். பாவாயி நாற்காலியைத் தூக்கித் தள்ளிப் போட்டுவிட்டு, வலிக்கிற காலோடு நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொருத்தராக வந்து தகட்டில் கையை வைத்து, "வேலு, வரட்டுமா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார்கள். நாகமணி கேபிளை உருவிப் பார்த்தாள். தகட்டைப் பளிச்சென்று சுரண்டிக் கிளாம்ப்பைக் கவ்வவைத்து, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். காய்ந்த பலகையை உள்ளே இறக்கினாள், அதன் மேல் ரப்பர் விரிப்பைப் போட்டாள். பெரிய மின்விசிறி ஒன்று டேங்குக்குள் காற்றை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அந்தச் சூட்டில் வேர்க்கும், வேர்வையும் ஈரம்தான் என்று, மாற்றிக்கொள்ள மூன்று ஜோடிக் கையுறைகள் வெயிலில் கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் அர்த்தனாரி தன் விரலை விட்டுப் பார்த்தார். பச்சியண்ணன் சுவிட்சில் கையை வைத்தபடி நின்றான், என்ன நடந்தாலும் அங்கிருந்து ஓரடி நகரமாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

உள்ளே அந்தச் சிவப்பு மட்டும்தான் வெளிச்சம். நாகமணி அதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. மீன் செதில் அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சீராக ஏறிக்கொண்டே வந்த ஒட்டு, மேலே ஓரிடத்தில் சின்னக் குழியாக நின்றுபோயிருந்தது. அந்தக் குழியில் தொடங்கவேண்டும். அவள் முதுகு எதிலும் படாமல் பலகையின் மேல் குந்தி, கண்ணாடியை இறக்கி, "போடுங்கண்ணா" என்றாள்.

வடை வேகிற சத்தம் வந்தது. வெளியே நின்றவர்கள் மூச்சு விடாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். அரைச் சாண் ஏறியதும் ராடு தீர்ந்தது. ராடு மாற்றுகிற இடம் அது, அவன் போன இடம். "நிறுத்துங்கண்ணா" என்று உள்ளிருந்து குரல் வந்தது, பச்சியண்ணன் சுவிட்சை அணைத்து, "நிறுத்தியாச்சுங்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். அவள் வெளியே வந்து, முகம் துடைத்து, காய்ந்த கையுறையை மாற்றிக்கொண்டு, புது ராடைக் கவ்வவைத்துக்கொண்டு இறங்கினாள். இப்படி மூன்று ராடு. மூன்று தடவையும் சுவிட்சை அணைக்கிற அந்த ஒரு சொடுக்கில், அன்றைக்கு இதைச் செய்ய ஒரு ஆள் நின்றிருந்தால் என்கிற நினைப்பு ரோட்டில் நின்ற அத்தனை பேருக்கும் வந்தது, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்றாவது ராடு மேல்விளிம்பைத் தொட்டு நின்றதும், "நிறுத்துங்கண்ணா. முடிஞ்சுது" என்றாள்.

கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். கீழே நான்கு சாண் சிவப்பு, மேலே ஒன்றரைச் சாண் சிவப்பு, இடையில் சேர்ந்த இடம் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உலகத்தில் எல்லா ஒட்டும் ஆறுகிற மாதிரி, சிவப்பு மங்கிப் பழுப்பாகி, பழுப்பு மங்கிக் கறுத்தது, ஒன்பது மாதமாக எரிந்ததும் இப்போது வைத்ததும் ஒரே நேரத்தில் கறுத்தன. டேங்குக்குள் இருட்டு வந்தது.

"அம்மிணி, வெளிய வாங்" என்று பச்சியண்ணன் கூப்பிட்டான். "ஆறிருச்சா?"

"இன்னுங் கொஞ்ச நேரம்ணா."

கறுத்த இரும்பு ஆறின இரும்பு இல்லை என்று அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். அவள் காத்திருந்தாள். தகட்டுக்குப் பக்கத்தில் புறங்கையைக் காட்டிக் காட்டிப் பார்த்து, பொறுக்கிற சூடு வந்ததும் கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள். எது அவன் வைத்தது, எது தான் வைத்தது என்று கைக்குத் தெரியவில்லை, முழுக்க ஒரே சூடாக இருந்தது. சூடு குறைந்துகொண்டே வந்தது. அவள் இன்னொரு கையையும் எடுத்து வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அப்படியும் குறைந்துகொண்டே வந்து, கொஞ்ச நேரத்தில் இரும்பைவிட அவள் கைதான் சூடாக இருந்தது.